அக்கா போட்ட கையெழுத்து

பள்ளி அலுவலக மேசையில் குனிந்து அக்கா கையெழுத்துப் போட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். முன்னால் வந்தவர்கள் சிலர் கைநாட்டு வைத்துவிட்டுப் போக, அவள் பேனாவை வாங்கித் தன் பெயரை முழுதாக எழுதினாள். துணைக்குப் போயிருந்த நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். என்னவென்று அக்கா கேட்டதற்கு, எல்லாப் பெற்றோரும் போடுகிற ஒப்பந்தம்தான் என்றார்கள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்தது அந்த விடுதிப் பள்ளி. திருநாவலூர்ப் பக்கம் குத்தகை நிலத்தில் பாடுபட்ட அக்காவும் மாமாவும் ஒரே மகளை அங்கே சேர்த்ததை ஊரே பேசியது. பெண் நன்றாகத்தான் படித்தாள். ஏழாம் வகுப்பில், பனிக்காலம் தொடங்கியதும் இழுப்பு வந்துவிட்டது. பார்க்கப் போகும்போதெல்லாம் தோள்கள் ஏறி இறங்க மூச்சு வாங்கினாள். ஊரில் அரசுப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம் என்று அக்கா மாற்றுச் சான்றிதழ் கேட்டாள். தாளாளர் கோபப்படவில்லை. அந்தத் தாளை எடுத்துவரச் சொல்லி, பத்தாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற மாட்டோம் என்ற வரியைத் தமிழில் சொல்லிக் காட்டினார். "இது உங்க கையெழுத்து தானம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா தலையாட்டினாள். வெளியே வந்ததும் மாமா, திரும்பப் போய்ச் சண்டை போடலாம் என்றார்.

"போட்டது நானு. இப்ப மாட்டேன்னா இன்னா நாயம்?" என்றாள். கொடுத்த சொல்லை மாற்றிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

கொஞ்ச நாளிலேயே பிள்ளையை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து மாமா அவளை நேராக வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். இழுப்பு குறைந்தது. படிப்பு நின்றது. சான்றிதழ் இல்லாமல் எந்தப் பள்ளியிலும் சேர்க்க மாட்டார்கள் என்று வீட்டில் எல்லோருமே நம்பினோம். பெண் அம்மாவோடு களையெடுக்கப் போனாள்.

பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஓர் ஆசிரியை வந்தபோது இரண்டு வருடம் ஓடியிருந்தது. எட்டாம் வகுப்புவரை பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றக் கேட்டால் உடனே சான்றிதழ் தந்தாக வேண்டும், அது வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், எழுதி வாங்கிய ஒரு கையெழுத்து சட்டம் தந்த உரிமையைப் பறித்துவிட முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். இப்போதுகூட வரலாம் என்றார். பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். "கூடப் படிச்சவங்கல்லாம் எங்கியோ போயிட்டாங்க. எனக்கு எல்லாம் மறந்துபோச்சி டீச்சர்." யார் சொல்லியும் அசையவில்லை.

அந்தப் பெண் இப்போது உளுந்தூர்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். போன மாதம் தன் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது அக்காவும் நானும் கூடப் போனோம். நீட்டிய தாளை அவள் வாங்கி, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னாள். அதே மாதிரி ஒரு வரி வந்தது. "இத எடுத்துடுங்க சார், போட்டுடறேன்" என்றாள். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

படியிறங்கும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "கேட்டா அடிச்சிடுவாங்களா?"

அக்கா மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.