பொன்னி கேட்ட மிச்சக் கதை

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. லூர்துமேரி பொய் சொல்லத் தெரியாத மனுஷி. அவள் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் இல்லாததை இட்டுக்கட்டிச் சொன்னாள். அதனால் வந்ததுதான் இவ்வளவும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்துமூன்றாம் வருஷம். திண்டிவனம் ரயிலடிக்குப் பின்னால் ஒரு மல்லாட்டை மண்டி; வேர்க்கடலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மல்லாட்டை உடைப்பார்கள். லூர்துமேரி மட்டும் உடைக்கமாட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால், மாத நாவலை உரக்கப் படிப்பதுதான் அவள் வேலை. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி பருப்பை அவள் முறத்தில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் அவளுக்கும் கூலி கிடைத்துவிடும். மண்டிக்காரருக்கும் சந்தோஷம்தான். கதை ஓடும்போது ஒருத்தியும் எழுந்து வெளியே போவதில்லையே.

ஒரு கதை முடிந்தால் அடுத்தது எது என்று சண்டை வந்துவிடும். அஞ்சம்மாளுக்குக் கொலை வேண்டும்.

"போன மாசம் படிச்சியே, கெணத்துல பொணம் கெடந்த கத. அந்த மாதிரி ஒண்ணு கொண்டாரச் சொல்லு உன் வூட்டுக்காரர."

"அது வேணாங்க்கா," என்பாள் பொன்னி. "அழுவுற மாதிரி ஒண்ணு படிங்க. அழுதாதான் எனக்குத் தூக்கம் வருது."

பொன்னிக்கு அழக் காரணமா இல்லை? பட்டாளத்துக்குப் போன புருஷனிடமிருந்து ஒரு வருஷமாகச் சேதியில்லை. கையில் கிருஷ்ணவேணி, அப்போதுதான் நடை பழகுகிற பெண் குழந்தை. லூர்துமேரிக்குப் பிள்ளையில்லை. படிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் வேணி அவள் இடுப்பில்தான் இருப்பாள்.

அந்த மாதம் பொன்னி கேட்டபடியே அமைந்தது. கதையில் ஒரு தாய், ரயிலடிக் கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்டுவிடுகிறாள். அந்த இடத்தில் 'தொடரும்' என்று போட்டுவிட்டான் பாவி.

"அப்புறம்? கொழந்த கெடச்சிச்சாக்கா?"

"அடுத்த மாசம்தான்டி தெரியும்."

அடுத்த மாதம் புத்தகம் வரவில்லை. லூர்துமேரியின் புருஷன் மாசிலாமணி ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்குக் கூலி. விழுப்புரம் ஜங்ஷன் கடையில்தான் புத்தகம் வாங்கி வருவான். காகிதப் பஞ்சமாம், பத்திரிகையையே நிறுத்திவிட்டார்களாம்.

அதற்குள் ஊரில் வாந்திபேதி வந்துவிட்டது. முதல் நாள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த பொன்னிக்கு மறுநாள் விடியவில்லை. கடைசியாக லூர்துமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலே எழும்பாமல் கேட்டாள்.

"கொழந்த கெடச்சிச்சாக்கா?"

"தெரியலடி. புத்தகம் வரல."

கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்? அந்தப் பாழாய்ப்போன வாயில் பொய் வரவில்லை. அதை நினைத்து நினைத்து லூர்துமேரி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். குழந்தையை நான் வளர்க்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். பொன்னி புருஷனின் அக்காள் குப்பம்மாள் விழுப்புரத்திலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"கிறிஸ்து வேதக்காரங்க வூட்ல வுட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கி என் தம்பிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

ரயில் நகரும்போது வேணி லூர்துமேரியைப் பார்த்துக் கதறிய கதறலில் ரயிலடியே திரும்பிப் பார்த்தது.

அப்புறம் அஞ்சம்மாள் எங்கேயோ ஒரு கொலைக் கதையை இரவல் வாங்கி வந்தாள். லூர்துமேரி படித்தாள். திடுக்கிடும் கட்டம் வந்தால் எல்லாக் கைகளும் தானாக நின்றுவிடும். அன்றும் நின்றன.

ஒரு கை மட்டும் நிற்கவில்லை.

சடக்… சடக்…

மூலைத் தூணடியில் இருந்து சத்தம் வந்தது. பொன்னி உட்காரும் இடம். அங்கே யாரும் இல்லை.

"இன்னாத்தப் பாக்கற? படி," என்றாள் அஞ்சம்மாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கூட்டிப் பெருக்கும்போது தூணடியில் ஒரு குவியல் தோல் கிடந்தது. புதுத் தோல். அவள் போட்டது என்று இவளும், இவள் போட்டது என்று அவளும் நினைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மாசிலாமணி விழுப்புரத்திலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தான். குப்பம்மாளுக்கே நாலு பிள்ளைகள். இந்தக் குழந்தையோ ராவும் பகலும் அழுகிறதாம், பேஜாராகப் போய்விட்டதாம்.

"ஞாயித்துக்கெழம உன்ன வந்து தூக்கிக்கினு போவச் சொல்லிடுச்சு அந்தம்மா," என்றான்.

லூர்துமேரி அன்று ராத்திரியே தன் நல்ல புடவையைக் கிழித்துக் குழந்தைக்குக் கவுன் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். எல்லாரும் கூழ் குடிக்க வீட்டுக்குப் போய்விட்டார்கள். திக்காமல் படிக்கவேண்டும் என்று லூர்துமேரி பக்கங்களை முன்கூட்டியே பார்த்து வைப்பது வழக்கம். அதற்காகக் கொட்டகையில் தனியாக இருந்தாள். அரிசி மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது.

சடக்…

அவள் தலையைத் தூக்கவில்லை. தூக்கப் பயம்.

சடக்… சடக்…

இப்போது பக்கத்தில்.

ஒரு பிடி பருப்பு அவள் முறத்தில் விழுந்தது. சொட்டச் சொட்ட ஈரம்.

"அப்புறம்?"

பொன்னியின் குரல். கடைசி நாளில் இருந்த அதே அடைத்த குரல்.

 ஓடத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

"பொன்னி…"

"கொழந்த கெடச்சிச்சாக்கா?"

இந்தத் தடவையும் தெரியாது என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கெடச்சிச்சுடி. பெத்தவளே தேடிக்கினு வந்துட்டா. வாசல்ல வந்து நின்னா. கொழந்த ரெண்டு கையயும் தூக்கிச்சு. வாரி இடுப்புல வச்சிக்கினு போயிட்டா. அவ்ளோதான், கத முடிஞ்சிச்சு."

"நெசமாவா?"

"நெசந்தான்."

நீளமாக ஒரு பெருமூச்சு. யாரோ எழுந்து மடியை உதறிய மாதிரி தோல்கள் உதிரும் சத்தம்…

கண்ணைத் திறந்தாள்.

யாருமில்லை.

ஆத்மா சாந்தியாகிவிட்டது என்று லூர்துமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். பொன்னி செத்த பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டி. கவுனை மடியில் வைத்துக்கொண்டே விழுப்புரம் போய்ச் சேர்ந்தாள். வாசலிலேயே குப்பம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"யாரு கையில சொல்லி அனுப்பறதுன்னு தெரியலம்மா. வெள்ளிக்கெழமையே போயிடுச்சு."

லூர்துமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காச்சலா?"

"ஒண்ணுமே இல்லம்மா. மத்தியானம் பன்னெண்டு மணிச் சங்கு ஊதி கொஞ்ச நேரம் இருக்கும். அழுதுக்கினே இருந்தது சட்டுனு நிறுத்திடுச்சு. வாசலப் பாத்து ரெண்டு கையயும் தூக்கிச்சு. யாரு வந்தாங்கன்னு நான் எட்டிப் பாத்தேன், ஒருத்தரும் இல்ல. திரும்பறதுக்குள்ள சாஞ்சிடுச்சு…"

குப்பம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணு சொல்றேன். கொழந்த இங்க என் மடியில கெடக்குது. அதோட சிரிப்பு மட்டும் தெருவுல போவுதும்மா. கோடி வரைக்கும் போச்சு. நானும் கேட்டேன், எதுத்த வூட்டு லட்சுமியம்மாளும் கேட்டாங்க."

 லூர்துமேரி கவுனை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"என்னத் தேடி அழுவலியே?"

குப்பம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இல்லம்மா. ஒரு வாட்டிகூட அழுவல."