என் போன் நம்பரில் இரண்டு பெண்கள்

எங்கள் ஊரில் யார் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பெயர் பதியும் இடத்தில் போன் நம்பர் கேட்டால் என் நம்பரைத்தான் கொடுப்பார்கள். துறையூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போகவேண்டிய சின்ன ஊர். இப்போது பல வீடுகளில் போன் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறவர்கள் பாதி இங்கிலீஷில் வேகமாகப் பேசுவார்கள். தேதி சொல்வார்கள், வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், பழைய ஸ்கேனை எடுத்துவரச் சொல்வார்கள். அதைக் கேட்டு, எழுதிக்கொண்டு, புரிகிற மாதிரி திருப்பிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆளும் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. நான் எட்டாவது படிக்கும்போது அப்பா ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாக வந்தார். மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்துகொண்டே புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்தேன். மோட்டார் ஓடும்போது சத்தம் போட்டுப் படிப்பேன், நின்றதும் மனதுக்குள் படிப்பேன்.

படிப்பு முடிந்ததும் புற்றுநோய்த் தரவுகளை ஆராயும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளில் பதிவாகும் விவரங்கள் ஓரிடத்தில் திரளும். யாருக்கு எப்போது நோய் தெரிந்தது, என்ன சிகிச்சை, கடைசியாக எப்போது வந்தார், இருக்கிறாரா இல்லையா. அதில் எங்கள் சுற்றுவட்டார மாவட்டங்களின் பகுதியைச் சுத்தம் செய்து, நாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வேலை.

"பாப்பா என்னப்பா பண்றா இப்போ?" என்று மாடிவீட்டுக்காரர் கேட்டபோது அப்பா கேட்டைத் திறந்துவிட்டபடி சொன்னார்: "டில்லிக்குப் போற கேன்சர் கணக்கு எல்லாத்தையும் அதுதாங்க சரி பாக்குது."

"டில்லிக்கேவா!"

"ஆமாங்க. அது சரின்னு சொன்னாதான் போகும்."

அப்பா கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். ஆனால் நான் திருத்தவில்லை.

ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் பதிவாகியிருப்பார். பரிசோதனை ஓர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் வேறொன்றில். அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஓர் ஆளாக்க ஒரு விதி எழுதச் சொன்னார் எங்கள் தலைமை டாக்டர். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் எழுதிய விதி இதுதான்: பெயர், ஊர், போன் நம்பர் மூன்றும் ஒன்றாகவும், வயது இரண்டு வருஷ வித்தியாசத்துக்குள்ளும் இருந்தால் ஒரே ஆள். கணவர் பெயர் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் வயதான பெண்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லமாட்டார்கள். கூட வந்தவர் யாரோ அவர் பெயரை எழுதிவிட்டுப் போவார் பதிவு எழுதுகிறவர். ஒரே பெண்ணுக்கு ஒரு சீட்டில் தம்பி பெயர், இன்னொன்றில் மருமகன் பெயர். அதை நம்பினால் ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார்.

"இதெல்லாம் ஏ.சி. ரூம்ல உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் மேடம், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு நிறைவு.

போன் நம்பர்கள் எங்களிடம் நம்பராக வராது. யாருடையது என்று தெரியக்கூடாது என்பதற்காக எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாக மாற்றித்தான் தருவார்கள். என் சொந்த நம்பர் பல தடவை என் திரையில் ஓடியிருக்கிறது. எனக்குத் தெரிய வழியில்லை.

உயிர்பிழைப்பைக் காட்டும் கோடு ஒன்று வரைவோம். நோய் தெரிந்த நாளில் கோடு உச்சியில் இருக்கும். காலம் போகப் போக, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு படி இறங்கும். என் விதியால் சுத்தம் செய்த பிறகு, மார்பகப் புற்றுநோய் வந்த எங்கள் பக்கத்துக் கிராமப் பெண்களின் கோடு நாட்டுக் கோட்டைவிட மெதுவாக இறங்கியது. நான் மகிழ்ந்துபோனேன். வெயிலில் வெங்காயம் பிடுங்குகிற பெண்கள், கெட்டியான உடம்பு என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றி நான் பேசுவதாக முடிவாயிற்று.

மேடத்துக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. "இடது பக்கமும் வலது பக்கமும் வந்தவங்க இவ்வளவு பேரா இருப்பாங்க? நாலு பேரோட ஒரிஜினல் கேஸ் ஷீட்டை எடுத்துப் பாத்துட்டு வா."

அனுமதிக் கடிதத்தோடு ஆஸ்பத்திரியின் ஆவண அறைக்குப் போனேன். முதல் ஆளுக்கு இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்றில் இடது மார்பு, ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு. மற்றதில் வலது மார்பு, கோணல் மாணலாகக் கையெழுத்து. இரண்டிலும் எங்கள் ஊர் அம்மனின் பெயர். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் பாதிப்பேருக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்தான். இரண்டிலும் வயது ஐம்பது. தோராயமாக ஐம்பது என்று சொல்லியிருப்பார்கள். இரண்டிலும் என் போன் நம்பர்.

நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

கையெழுத்துப் போட்டவர் எங்கள் பெரியம்மா. கைநாட்டு வைத்தவர், ஊரில் கடைசி வீட்டில் இருக்கிற அத்தை. சொந்த அத்தை இல்லை, முறைக்குக் கூப்பிடுவது. அவருடைய வீட்டில் இருந்த ஒரே போன் மகனோடு திருப்பூர் போய்விட்டது. இருவரையும் என் விதி ஒருத்தியாக்கியிருந்தது.

அது ஆராய்ச்சியோடு நின்றிருந்தால் எனக்கு இப்படி வலித்திருக்காது. நாங்கள் சுத்தம் செய்த பட்டியலைத்தான் மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்புவோம். அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண் குறியீட்டை மறுபடி நம்பராக்கி, அதை வைத்துத்தான் ஒவ்வொரு நோயாளியையும் போனில் கூப்பிடுவாள். திங்கட்கிழமைக்கு வரச்சொன்னால் அது பெரியம்மாவுக்கு, வியாழக்கிழமை என்றால் அத்தைக்கு. இரண்டையும் பெரியம்மா வீட்டுக்குப் போன் செய்து சொல்வேன், அத்தைக்குப் பெரியம்மா போய்ச் சொல்லுவார். வியாழக்கிழமை அழைப்பு வருவது எப்போது நின்றது? நின்றபடியே யோசித்தேன். எட்டு மாதம் இருக்கும். என் விதியை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த நாட்கள். ஒரு போன் குறைந்தது எனக்கு நிம்மதியாக இருந்ததே தவிர, ஏன் குறைந்தது என்று நான் கேட்கவில்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஊருக்கு ஒரு நம்பர்" என்றார். "எல்லா ஊர்லயும் உன்னை மாதிரி ஒருத்தர் இருப்பாங்க இல்ல? ஒரு டீச்சர், ஒரு நர்ஸ்."

"ஆமா மேடம்."

"செத்துப்போனவங்களையும் இருக்கிறவங்களையும் சேத்திருப்போமா?"

சேர்த்திருந்தோம். இறந்ததாகக் குறித்த தேதிக்குப் பிறகும் வந்துபோன பதிவு இருந்தால், அந்தச் சாவைப் பிழையென்று தள்ளிவிட நானே எழுதிவைத்திருந்தேன். கோடு மெதுவாக இறங்கியதற்கு வெங்காயம் காரணமில்லை.

"கருத்தரங்கை விடு. முதல்ல ஊருக்குப் போ" என்றார் மேடம்.

மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினேன். நான் போனபோது அத்தை வாசலில் சாக்கை விரித்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். சுவரில் சாய்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"அடடே, யாரு இது! கலெக்டரம்மா நடந்தா வர்றாங்க? ஜீப்பு எங்க?"

"அத்தை, ஏன் இப்படி ஒக்காந்திருக்கீங்க?"

"இடுப்புதான். குனிஞ்சு நிமிந்தா உசுரு போவுது. வேலை செஞ்ச ஒடம்பு, வலிக்காம என்ன பண்ணும்?"

"மாத்திரை போடுறீங்களா?"

"அது தீந்து எம்புட்டு நாளாச்சு! அதான் நீ கூப்புடலையே பாப்பா." கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "நீ கூப்புடலன்னதும் எனக்குச் சரியாப் போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஒம் பெரியம்மாவதான் இன்னும் விடமாட்டேங்கிறாங்க, பாவம். அவ ஒவ்வொரு தடவ பஸ் ஏறும்போதும் நான் அம்மனுக்கு ஒரு கற்பூரம் கொளுத்துவேன், எனக்கு விட்ட மாதிரி அவளுக்கும் விடட்டும்னு."

டாக்டர் ஒரு தடவை பார்க்கவேண்டும் என்கிறார் என்று மட்டும் சொல்லி, பையில் இரண்டு புடவை எடுத்து வைத்துக் கூட்டிவந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் சொன்னேன்.

"அத்தை, உங்களுக்குச் சரியாகல. கூப்பிட்டிருக்கணும். எந் தப்புனாலதான் கூப்பிடல."

"நீ என்ன பண்ணுன?"

"உங்களையும் பெரியம்மாவையும் ஒரே ஆளுன்னு எழுதிட்டேன். பேரு ஒண்ணு, வயசு ஒண்ணு, ஊரு ஒண்ணு. நம்பரும் என்னோடது."

அத்தை முதலில் சிரித்தார். "அவளும் நானும் ஒண்ணா? அவ அரட்டுனா அடுத்த ஊரு மாடு மெரளும்." பிறகு சிரிப்பு நின்றது. பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்போ இத்தினி நாளா அந்தப் பேப்பர்ல நான் இல்லவே இல்லையா?"

"இல்ல அத்தை."

"சரி" என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மன்னித்துவிட்டார் என்று நானாக எழுதிக்கொள்ள மாட்டேன். நானாக எழுதியது போதும்.

ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் நோய் பரவியிருந்தது. எட்டு மாதம் முன்பே வந்திருந்தால் தடுத்திருக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. மாத்திரை நிக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம். போகாமயும் இருந்திருக்கலாம்" என்றார். ஆயிரக்கணக்கான பேரைப் பற்றிக் கேட்டால் ஓரளவு துல்லியமாகப் பதில் சொல்லக் கற்றவள் நான். ஒரே ஒருத்தியைப் பற்றிக் கேட்டால் எந்தத் தரவிலும் பதில் இல்லை.

புதிதாகப் பதிவு போட வரிசையில் நின்றோம். கம்ப்யூட்டரின் முன்னால் இருந்த பெண் கேட்டாள்: "எட்டு மாசமா ஏன் வரல?" நாங்கள் வாய் திறப்பதற்குள், திரையில் இருந்த காரணங்களில் அவளே ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போனாள். எட்டிப் பார்த்தேன். நோயாளியின் அலட்சியம்.

"அது இல்லைங்க. அவங்கள யாரும் கூப்பிடல. பட்டியல்ல தப்பு நடந்துபோச்சு. அப்படிப் போடுங்க."

"அப்படி ஒண்ணு இதுல இல்லையே மேடம். பணமில்லை, தூரம், அலட்சியம், தெரியாது, மற்றவை. இவ்வளவுதான்."

'அலட்சியம்' என்று விழுந்த எத்தனை வரிகளை நான் ஆராய்ச்சியில் எண்ணியிருப்பேன்! விழிப்புணர்வு போதவில்லை என்று ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன். "மற்றவைன்னு போட்டுட்டு, பக்கத்துல பதிவுத் தவறுன்னு டைப் பண்ணுங்க" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டைப் செய்தாள். அந்தப் பெட்டிக்குள் டைப் செய்வதை யாரும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். நானே படித்ததில்லை.

"போன் நம்பர்?"

"அத்தை, மகன் நம்பரக் குடுங்க" என்றேன். "என்னோடது வேணாம்."

"அவன் ஷிப்டுல இருப்பான், எடுக்கமாட்டான்." அத்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடுப்பை நேராக்கினார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர், ஓர் எண்ணைக்கூட எழுதிப் பார்த்திராதவர், என் நம்பரை முதலிலிருந்து கடைசி வரை, இரண்டிரண்டாக நிறுத்தி, ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னார்.

அந்தப் பெண் டைப் செய்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "இந்த நம்பர்ல ஏற்கெனவே ஒருத்தங்க இருக்காங்களே. அதே பேரு. ஒரே ஆளா?"

"இல்லைங்க" என்றேன். "ரெண்டு பேரு."