ஆட்டிடம் சொன்ன சேதி

மழை நாளில் ஜீப்பு கிளம்பும்போது ஈரமண்ணோடு கலந்து எழுகிற பெட்ரோல் வாசனை இன்றைக்கும் மூக்கில் பட்டால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

போடியின் மேற்குக் கோடியில், மலைமெட்டுக்கு ஏறுகிற ரோட்டோரம், முள்வேலி ஒன்று மட்டும் நடுவில் இருக்க, எங்கள் வீடும் அப்பாவோடு கூடப்பிறந்த அத்தையின் வீடும் அடுத்தடுத்து இருந்தன. அத்தை மகன் சின்னராசு மச்சான் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பு ஓட்டினார். அவர் வேலியில் காயப்போட்ட புதுக் காக்கிச் சட்டையின் கையை எங்கள் செவலை ஆடு தின்றுவிட்டது. "ஆடு மேயிற எடத்துல சட்டையக் காயப்போட்டது யாரு குத்தம்?" என்று என் அக்கா பேச்சி கேட்க, "வளத்தவள மாதிரியே கண்டதையும் மெல்லுது" என்று அவர் சொல்ல, அப்பாவும் அத்தை வீட்டு மாமாவும் உள்ளே புகுந்து, முடிவில் இரண்டு வீட்டுக்கும் பேச்சே அற்றுப்போனது.

பேச்சு அற்றதே ஒழிய, வாய் ஓயவில்லை. எங்கள் பக்கம் "ஜாடை" என்று ஒன்று உண்டு: எதிராளிக்குச் சொல்ல வேண்டியதை ஆட்டிடமோ நாயிடமோ அவர் காதில் விழும்படி சொல்வது. யாரும் அதற்குச் சண்டைக்கு வர முடியாது; வந்தால், "உன்னையா சொன்னேன்?" என்றால் போச்சு. "ஏ செவல, சிலபேரு ஜீப்பு ஓட்டுற லச்சணத்துக்கு மாட்டுவண்டியே தேவல" என்பாள் அக்கா. "மணி, காலையிலேயே காக்கா கத்துது, வெரசா கெளம்பு" என்பார் மச்சான் தன் நாயிடம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பாடத்தை நம்பியது போலவே அப்பா சொன்னதையும் அப்படியே நம்பினேன். "அவுங்க வீட்டுக் காத்துகூட நம்ம மேல படக்கூடாது, அப்பு" என்றார். கொட்டுகிற மழையில் மச்சான் ஜீப்பை நிறுத்தி, "ஏறு மாப்ளே" என்று கூப்பிட்டும், புத்தகத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நடந்தே போனேன். ரோசம் என்றால் அது! அப்படிப்பட்ட நான், ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அதே ஜீப்பின் முன்சீட்டில் என் அக்கா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டு வருவதை என் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "பஸ்சு வரலடா, ஒஞ்சோலியப் பாரு" என்றாள். பச்சைப் பொய், பஸ்சு அப்போதுதான் என்னைக் கடந்து போயிருந்தது.

தேவாரத்து மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதென்று அப்பா முடிவு செய்ததும் அக்கா சோறு தின்னாமல் கிடந்தாள். முறைமாப்பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். ஆனால் பேச்சு அற்ற வீட்டில் யார் முதலில் வாய் திறப்பது? அப்பா திறக்கமாட்டார், மாமா அவருக்கும் மேல். ஒரு சட்டைக் கைக்காக ஒரு பெண்ணின் ஆயுசையே மாற்றி எழுதத் துணிந்த அந்தப் பெரிய மனிதர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை, இரண்டு வாசலிலும் ஆள் இருக்கும் நேரம் பார்த்து, அக்கா ஆட்டை வேலியோரம் இழுத்து நிறுத்தினாள்.

"கேட்டுக்க செவல. நாளைக்கு வர்றவங்க பூவ நான் வச்சுக்கமாட்டேன். கட்டுனா வேலிக்கு அந்தப் பக்கத்து டிரைவரத்தான் கட்டுவேன். ஒங்கிட்டதான் சொல்றேன், வேற யாருகிட்டயும் இல்ல."

அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். ஆட்டிடம் சொன்னதற்குப் பெண்ணை எப்படி அடிப்பது? கை அப்படியே நின்றது. அந்தப் பக்கம் மாமா தொண்டையைச் செருமினார்.

"ஏ மணி, பொண்ணு கேட்டு வரணும்னா மொதல்ல வேலிப் படலத் தொறந்து வைக்கச் சொல்லு."

அப்பா ஓங்கிய கையை இறக்கி ஆட்டின் கழுத்தைத் தடவினார்.

"தொறந்துதான் கெடக்கு. வரச்சொல்லு செவல."

இன்றைக்கு அந்த இடத்தில் வேலியும் இல்லை, ஜாடையும் இல்லை. அக்காவும் மச்சானும் நேருக்கு நேர், அதுவும் அடுத்தவர் காதில் விழாத குரலில் பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது, ஒரே கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடமும் மாமாவிடமும் அந்தச் சண்டையைப் பற்றிக் கேட்டேன்.

"சண்டையா? நமக்குள்ளயா?" என்றார் அப்பா, மாமாவைப் பார்த்து.

"படிச்ச புள்ள, எதையாவது கற்பனை பண்ணிருக்கும்" என்றார் மாமா.

அந்தப் பகையைக் கடைசிவரை ஒழுங்காகக் காப்பாற்றியவன் நான் ஒருவன்தான். அதற்கு அந்த வீட்டில் இன்று ஒரு சாட்சிகூட இல்லை.