உள்ளே விட்ட ஒரு இஞ்ச்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனால் ஏஐயைக் கூச்சமில்லாமல் வேலை வாங்குகிற ஆள், எட்டாவதோடு நின்ற என் அக்காதான்.

அவளுடைய தையல் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். போனை நூல் டப்பாமேல் சாய்த்து வைத்திருப்பாள். கை தைத்துக்கொண்டிருக்கும், வாய் போனோடு பேசிக்கொண்டிருக்கும். அதைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். தப்பாகச் சொன்னால் என்னைத் திட்டுவது போலவே அதையும் திட்டுவாள்.

"உனக்கு பயமே இல்லையாக்கா?"

"எதுக்குடா பயம்? புரியலன்னா இன்னொரு தரம் கேக்கறேன். உன்ன மாதிரி 'இதுகூடத் தெரியாதா'ன்னு மூஞ்சியச் சுளிக்காது."

போன மாதம் ஒரு மருத்துவமனையிலிருந்து ஆங்கிலத்தில் மெயில் வந்தது. நாற்பத்தெட்டு நர்ஸ்களுக்குச் சீருடை வேண்டும். எப்படித் தைப்பீர்கள் என்று மதியம் பன்னிரண்டுக்குள் எழுதுங்கள். இன்னொரு கடையையும் கேட்டிருக்கிறோம். அவ்வளவு பெரிய ஆர்டர் அக்கா பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. கிடைத்தால் மாடிப்படியை விட்டு வெளியே வந்துவிடலாம்.

அக்கா சொல்லச் சொல்லப் போன் ஆங்கிலத்தில் பதில் எழுதியது. நான் வாங்கிப் படித்தேன். ஒரு பிழை இல்லை.

"சூப்பர்க்கா. அனுப்பிடு."

"இரு. துரை சொல்லிட்டா ஆச்சா?" என்றவள் போனிடம், "தம்பி, நீ எழுதினத அப்படியே தமிழ்ல திருப்பிச் சொல்லு" என்றாள். எந்தச் சட்டையையும் உள்பக்கம் புரட்டிப் பார்க்காமல் அவள் கொடுத்ததில்லை.

போன் வாசித்தது: "ஒவ்வொரு சட்டையையும் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி இறுக்கமாகத் தைப்பேன்."

மெஷின் நின்றது. "அடப்பாவி! நாப்பத்தெட்டு பேருக்கும் மூச்சு முட்டிருமே!"

அவள் சொன்னது, "ஒரு இஞ்ச் உள்ள விட்டுத் தைப்பேன்" என்று. உடம்பு கொஞ்சம் பூசினால் பிரித்து அகலப்படுத்த, தையலுக்கு உள்ளே கூடுதல் துணி விடுவது. தையல்காரர்களுக்குச் சாதாரணப் பேச்சு. போனுக்குப் புரியவில்லை. எனக்கும் உறைக்கவில்லை; நான் இலக்கணத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்!

"உன் பட்டத்த ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கமே, அதுல இதெல்லாம் வராதா?"

"தையல் பேப்பர் வைக்கலக்கா."

அவள் போனிடம் திரும்பினாள். "தம்பி, இறுக்கறது இல்ல. சட்டை அளவு அப்படியேதான் இருக்கும். உள்பக்கம் ஒரு இஞ்ச் துணி மிச்சம் இருக்கும். குண்டானா பிரிச்சுக்கலாம். மறுபடி எழுதிட்டு, தமிழ்லயும் சொல்லு."

அது மன்னிப்புக் கேட்டது.

"சரி சரி, வேலையப் பாரு."

இந்த முறை 'நர்ஸ்கள் குண்டானால்' என்றே எழுதிவிட்டது. அதையும் 'உடல்வாகு மாறினால்' என்று மாற்றச் சொல்லி, பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினாள்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. அக்கா அதைத் தமிழில் கேட்டாள். "பழைய சீருடைகளை எங்களால் பிரித்து அகலப்படுத்தவே முடியவில்லை. நீங்கள் விடும் அந்தக் கூடுதல் துணிக்காகவே உங்களிடம் கொடுக்கிறோம். எப்போது அளவெடுக்க வருகிறீர்கள்?"

அக்கா இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டேய், கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா. பெருசா."

"அளவெல்லாம் போன்லயே சொல்லி வைக்கலாமேக்கா?"

"அது ஒரு பக்கம் எழுதட்டும். நானும் எழுதுவேன். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் கத்திரி வைப்பேன்."