மச்சான் கோபித்துக்கொண்டு போன மாரி

என் அக்கா, ராத்தாவின் மாப்பிள்ளை கலியாணம் முடித்த முதல் மாரியிலேயே கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டார் என்று எங்கள் தெரு முழுக்கக் கதைத்தது. கதைத்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும். பெரிய பெண்களோடு சரிக்குச் சரியாக நின்று ஒரு குடும்ப விஷயத்தைக் கதைக்க எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. நான் அதை வீணாக்கவில்லை.

கல்முனைக் கரையில் எங்கள் ஆட்களிடையே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீடும் பெண்ணுக்கே எழுதப்படும். வாப்பா பல போக வேளாண்மையைக் கொட்டிக் கட்டிய கல்வீடு, கலியாணப் பதிவான காவின் எழுதிய அன்றோடு ராத்தாவுடையதாயிற்று. வாப்பா, உம்மா, நான், என் தம்பி எல்லோரும் வளவின் பின்பக்கத்தில் சமையலுக்கென்று இருந்த குசினிக்குக் குடிபோனோம். மண்சுவர், பின்னிய தென்னோலைக் கிடுகுக் கூரை. மழைக்கு முன் கிடுகு மாற்ற வேண்டும் என்று வாப்பா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் விதைப்பு வந்துவிட்டது. எங்கள் வயல் இறக்காமத்தில். யானை நடமாடும் பக்கமென்பதால் விதைத்த கையோடு அவர் அங்கே வாடிக் குடில் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் சம்மாந்துறைக்காரர். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை. மெலிந்த உடம்பு, எண்ணெய் போட்டுப் படிய வாரிய தலை, எதற்கெடுத்தாலும் ஒரு வெட்கச் சிரிப்பு. அவர் சைக்கிள் அவரைவிடப் பளபளப்பாக இருக்கும். மருமகன் முன்னால் மாமி முகம் காட்டுவதும் இல்லை, நேரே கதைப்பதும் இல்லை என்பது எங்கள் ஊர் முறை. ஆகவே உம்மாவுக்கும் அவருக்கும் இடையில் நடந்த பேச்சுவார்த்தை அத்தனையும் என் வாய் வழியாகத்தான் நடந்தது.

அவர் முன்னறையில் பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார். உம்மா கதவுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார். "மருமகனுக்கு இன்னும் ரெண்டு மீன்துண்டு போடட்டாமா எண்டு கேளுகா" என்பார். அவருக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் நடந்துபோய் முன்னால் நின்று கேட்கும்வரை ஒன்றுமே காதில் விழாதவர் மாதிரி சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். "போதுமாம் எண்டு மாமிட்டச் சொல்லுங்க தங்கச்சி" என்பார். அதுவும் உம்மாவுக்குக் கேட்கும். உம்மாவும் எனக்காகக் காத்திருப்பார். நான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மாரியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொன்னால் விளங்காது. விடியவும் பெய்யும், அடையவும் பெய்யும், இடையில் மூச்சு விட்டுக்கொண்டு மறுபடியும் பெய்யும். குசினிக் கூரை இன்ன இடமென்று இல்லாமல் ஒழுகியது. சட்டி, பானை, பேசின் என்று இருந்த எல்லாவற்றையும் ஒழுக்குக்கு வைத்த பிறகு சமைக்கப் பாத்திரம் இல்லை. ஈரம் படாத ஒரு மூலையில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உம்மா சுவரில் சாய்ந்திருப்பார். தம்பிக்கு இருமல் கண்டு நெஞ்சு கரகரவென்று இழுக்கத் தொடங்கியது. பத்தடி தள்ளி ஓட்டுக்குக் கீழே முழு வீடும் காய்ந்து கிடந்தது.

ஒருநாள் மச்சான் சாப்பிடாமல் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். "தங்கச்சி, மாமிட்டச் சொல்லுங்க, புள்ளயளக் கூட்டிக்கிட்டு உள்ளுக்கு வந்து படுக்கட்டாம்."

நான் போய்ச் சொன்னேன். உம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "குடுத்த ஊட்டுக்க திரும்பிப் போய்ப் படுக்கிறயா? மருமகன் இரிக்கிற ஊட்டுக்க மாமி காலை நீட்டினாளெண்டா ஊரு என்ன கதைக்கும்? வாப்பா கேள்விப்பட்டா உயிர விட்டுடுவாரு. பரவால்லயாம் எண்டு சொல்லு."

தம்பியையாவது அனுப்பச் சொன்னார். உம்மாவை விட்டால் தம்பி உறங்க மாட்டான், ஆகவே அதுவும் சரிவரவில்லை. அன்றைக்கு மச்சான் மீனைத் தொடாமலே கை கழுவினார். மீன் எனக்குக் கிடைத்ததால் அதில் எனக்கு வருத்தமில்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து அவர் தன் உம்மாவுக்குக் கடுமையான சுகமில்லை என்று சொன்னார். சில நாட்களுக்குச் சம்மாந்துறையில் தங்கி அங்கிருந்தே கடைக்குப் போய்வரப் போவதாகச் சொல்லிவிட்டு, பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். ராத்தா உடனே உம்மாவிடம் வந்து, இவ்வளவு பெரிய வீட்டில் தனியாகப் படுக்கத் தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். ராத்தா எதற்குமே பயப்படாதவள். கிணற்றடிக்கு வந்த சாரைப்பாம்பைத் தும்புத்தடியால் அடித்து விரட்டியவள். ஆனால் கலியாணம் முடித்தால் பெண்களுக்குப் பயம் வரும்போலும் என்று நான் எடுத்துக்கொண்டேன். மருமகன் இல்லாத வீட்டில் மகளுக்குத் துணை படுப்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? உம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

அல்ஹம்துலில்லாஹ், அந்தப் படுக்கையின் சுகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. காய்ந்த பாய், காய்ந்த தலையணை, ஓட்டில் மழை விழும் சத்தம். தம்பியின் இருமல் நாளுக்கு நாள் குறைந்தது. அவன் நெஞ்சில் காது வைத்துப் பார்த்து, இழுப்பு இல்லை என்று உம்மா துஆ ஓதி ஊதினார். மச்சானின் உம்மா அவசரமில்லாமல் ஆறுதலாகக் குணமானால் போதும் என்று நானும் என் பங்குக்குத் துஆக் கேட்டேன்.

இப்படியே போயிருந்தால் ஒரு கரைச்சலும் இருந்திராது. ஆனால் எங்கள் ஊரில் ஒருவருக்குச் சுகமில்லை என்று சொன்னால், பார்க்கப் போகாமல் இருக்க முடியாது என்பதைச் சொன்னவர் மறந்துவிட்டார். அதுவும் சம்பந்தி! உம்மாவால் இரண்டு நாளுக்கு மேல் பொறுக்க முடியவில்லை. பிஸ்கட் பெட்டியும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு, தன் தங்கையான சாச்சியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சம்மாந்துறைக்கு பஸ் ஏறினார். அங்கே போய்ப் பார்த்தால் நோயாளி, அவித்த நெல்லைக் கடகத்தோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்துகொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும், "என்ன சம்பந்தி, இந்த மழைக்க? ஊட்ட ஆருக்கும் சுகமில்லயா?" என்று கேட்டாராம். உம்மா தேநீரைக் குடித்தேன் என்று பெயர் பண்ணிவிட்டு எழும்பி வந்துவிட்டார்.

சாச்சிக்கு வாயில் ஒன்றும் நிற்காது. அன்றைக்கு அசர் தொழுகைக்கு முன்பே மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார் என்பது தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. காரணங்களையும் தெருவே கண்டுபிடித்தது. கறியில் உப்பு என்றார் ஒருவர். பெண்ணுக்கு நாக்கு நீளம் என்றார் இன்னொருவர். மீனைத் தொடாமல் கை கழுவிய செய்தியை நான் கொடுத்தேன். அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது.

உம்மா சாப்பாட்டை விட்டார். மூன்று மாதம்கூட ஆகாத கலியாணம். மாப்பிள்ளை திரும்பி வராவிட்டால் மகளின் கதி என்ன? எங்கள் தெருவிலேயே அப்படி இருந்துபோன பெண்கள் இருந்தார்கள். "உண்மையச் சொல்லு மனே, என்ன நடந்த?" என்று ராத்தாவைப் பிடித்துக் கேட்டார். "ஒண்டுமில்லம்மா" என்று ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் ஒழுங்காக அழவில்லை என்பதை நான் கவனித்தேன். ஒவ்வொரு நாள் காலையும் எங்கள் ஒழுங்கையால் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போகும். அந்த நேரம் பார்த்து அவளுக்கு வேலியடியில் முருங்கை இலை ஆய வேண்டியிருக்கும். கோபித்துப் போன மனிதனை வேலி இடுக்கால் பார்த்துச் சிரிக்கிறாளே, கொஞ்சமும் ரோசமில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாச்சி என்னையும் கூட்டிக்கொண்டு, உள்பாவாடைத் துணி வாங்கும் சாட்டில் அந்தக் கடைக்குப் போனார். சாச்சி துணிகளைப் புரட்டும்போது மச்சான் குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். "தம்பிட இருமல் எப்பிடி?"

"சுகம்."

"மாமி எங்க படுக்கிறா?"

"எங்கட ஊட்டுக்கதான்! நீங்க ஒண்டும் வரத் தேவல்ல!" என்றேன்.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முழம் போட்ட துணியை மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. இப்படியும் ஒரு கல்நெஞ்சனா என்று வழி நெடுகச் சாச்சியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

செய்தி இறக்காமம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வாப்பா காவலை வயல் வேலை பார்க்கும் முல்லைக்காரரிடம் விட்டுவிட்டு முழங்கால் சேற்றோடு வந்து நின்றார். உம்மா சொன்னதையெல்லாம் கேட்டார். மறுநாள் காலை வெள்ளைச் சாரன் உடுத்து, தோளில் சால்வை போட்டுச் சம்மாந்துறைக்குப் புறப்பட்டார். நான் அழுது அடம்பிடித்துக் கூடவே பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். அன்று கடை பூட்டிய நாளாதலால் மச்சான் வீட்டில்தான் இருந்தார்.

வாப்பா கதிரை நுனியில் உட்கார்ந்தார். யாருக்கும் தலை குனியாத மனிதர், அன்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "மருமகன், எங்கட பக்கம் என்ன குறை இரிந்தாலும் சொல்லுங்க. மகள் பிழை விட்டிருந்தாலும் சொல்லுங்க. காலில உழுந்தெண்டாலும் நான் சரிக்கட்டித் தாறன்."

மச்சான் தன் உம்மாவைப் பார்த்தார். அவர் உம்மாதான், "எனக்கும் ஒண்டும் சொல்றானில்ல சம்பந்தி. வாயத் துறடா" என்று அதட்டினார்.

காலில் விழுவதாக வாப்பா சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். வெட்கச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. "குறை இரிக்கி மாமா. நான் பெத்த உம்மா நனைய நனைய, ஓட்டுக்குக் கீழ படுத்து உறங்குவனா? மாமி எண்டா மட்டும் உறங்க ஏலுமா? புள்ள நெஞ்சு இழுக்க இழுக்க இருமுது. எனக்கு உறக்கம் வருகுதில்ல. கூப்பிட்டா வாறாங்க இல்ல. நான் இரிக்கக்குள்ள வரமாட்டாங்க எண்டுதான் நான் வெளிக்கிட்டு வந்தன். உங்கட மகள்ள ஒரு குறையும் இல்ல. நீங்க என்ன வெளியாளா வெச்சிருக்கீங்க, அதுதான் குறை."

 வாப்பா சால்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வாப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்த ஆள் என் வாப்பாவுக்கு ஏசி, அழவும் வைத்துவிட்டாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் கேட்டதெல்லாம் காதில் விழுந்த சொற்கள்தான், அவற்றின் அர்த்தம் எனக்குள் வந்து சேரப் பல வருடம் எடுத்தது.

மச்சான் வெளிக்கிட்டுப் போகும் யோசனை ராத்தாவினுடையது என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கலியாணம் பேசிய நாட்களில் ஒருநாள் அவளே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஒருவரையொருவர் இன்னும் சரியாகப் பழகிக்கூட முடிக்காத இருவர், மழைச் சத்தத்தில் குசுகுசுத்துப் போட்ட திட்டம். ஊர் அவரைக் கோபக்காரன் என்றது, அவளை வாழத் தெரியாதவள் என்றது. இருவரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் வாய் திறந்தால் நாங்கள் மறுபடியும் குசினிக்குப் போய்விடுவோம். எத்தனையோ பேருக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டு பேருக்கும் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே மச்சான் எங்களோடு திரும்பி வந்தார். உம்மா பதறிப்போய்ப் பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு குசினிப் பக்கம் போகப் பார்த்தார். வாப்பா வழியை மறித்தார். "மாரி முடியுமட்டும் உள்ளுக்குத்தான் படுக்கை. என்ட வெக்கத்த நான் சம்மாந்துறையில வெச்சிட்டு வந்துட்டன்." பிறகு அவரே கயிறு கட்டி, உம்மாவின் பழைய சீலையைக் குறுக்கே தொங்கவிட்டு மண்டபத்தை இரண்டாகப் பிரித்தார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மச்சான் சீலைக்கு அந்தப் பக்கம் சாப்பிட உட்கார்ந்தார். உம்மா இந்தப் பக்கம் சோற்றுப் பானையோடு இருந்தார். வாப்பா மெல்லிய குரலில் உம்மாவிடம் ஏதோ சொல்லி முடித்திருந்தார். உம்மாவின் கண் கலங்கியிருந்தது. வழக்கம்போலச் செய்தி கொண்டுபோக நான் எழும்பினேன். உம்மா என்னைப் பார்க்கவேயில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சீலையைப் பார்த்து அவராகவே கேட்டார்.

"மகன், இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?"

சீலைக்குக் கீழால் சோற்றுத் தட்டு இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. கூடவே மச்சானின் குரலும் வந்தது.

"போடுங்க உம்மா."

உம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு மகன். அவன் என் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு, இருமல் இல்லாமல், நல்ல உறக்கம். தன் உம்மாவை யாரோ எடுத்துக்கொண்டு போவது தெரியாமல் இப்படிக் கிடக்கிறானே என்று, அவனுக்காக நான் விக்கி விக்கி அழுதேன்.