கடை வளைவு வரைக்கும்

அன்று ஒன்பதாம் நம்பர் தேயிலை மலையில் நின்றவர்கள் ஐந்து பேர். அக்கா, நான், கங்காணி, லயத்துத் தொங்கலில், கடைசி வீட்டில் இருக்கும் மதினி, மதினிக்கு மருமகளாக வந்து நாலு மாதமே ஆன பிள்ளை. மற்றவர்களை எல்லாம் வேறு மலைக்கு அனுப்பியிருந்தார்கள். தோட்ட ஆபீஸில் கேட்டபோதும் இப்படித்தான் சொன்னேன். எங்கே சொன்னாலும் அந்த மருமகள் பிள்ளையைக் கடைசியாகத்தான் சொல்வேன். அவளுக்கு இருபது வயது. எனக்கு நாற்பத்து மூன்று.

தேத்தண்ணி குடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கத் திரும்ப நிரைக்கு ஏறிய நேரம். மேலே மரத்தில் தொங்கிய குளவிக்கூட்டைப் பருந்து ஒன்று தட்டிவிட்டது. கையில் கிடைத்ததைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு நாங்கள் தேயிலைச் செடிகளுக்குள் குப்புற விழுந்தோம். அக்கா மரத்துக்கு நேர் கீழே நின்றாள். எழுந்து பார்த்தபோது அவளுடைய முகம் அவளுடையதாக இல்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

கங்காணி தன் போனை என் கையில் திணித்தார்.

"இங்க சிக்னல் இல்ல தங்கச்சி. கடை வளைவுக்கு ஓடு. அங்க ஆட்டோ நிக்கும், கையோட கூட்டிட்டு வா. நீதானே ஓட்டத்துல மொதலா வந்தவ!"

வந்தவள்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, கீழே சிங்களக் கிராமத்தில் வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். மரதன் ஓட்டத்தில் பெண்பிள்ளைகளில் நான்தான் முதலாவது. சிவப்பு பிளாஸ்டிக் பேசின் ஒன்று பரிசாகத் தந்தார்கள். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டு மலைக்கு வந்துவிட்டேன். பேசின் அக்கா வீட்டில் அரிசி கழுவக் கிடந்தது. இருபத்தொன்பது வருடமாக பஸ்ஸுக்குக்கூட நான் ஓடியதில்லை. ஒரு பஸ் போனால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். ஓடினால் விழுவேனோ, விழுந்தால் கால் உடையுமோ, கால் உடைந்தால் வீட்டில் அடுப்பு எரியுமோ என்று யோசிக்கிற ஆள் நான்.

அவ்வளவுக்கும் பயப்படுகிறவள், பயப்பட வேண்டிய அந்த ஒரு இடத்தில் பயப்படவில்லை. "என்னால முடியாதுங்க, அந்தப் பிள்ளைய அனுப்புங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை வருடம் கழித்தும் என்னை ஓட்டக்காரி என்று சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா தரையில் கிடக்க, எனக்குப் பெருமை.

நான் திரும்பியபோது அக்கா வாயைத் திறந்தாள். உதடு வீங்கியதால் சொல் குழறியது. ஆனாலும் எனக்கு விளங்கியது.

"மெதுவா போடி. விழுந்துறாத."

போனில் அப்போது மணி பத்து நாற்பத்திரண்டு. தண்ணீர் விழும் பீலியடி வரைக்கும் ஓடினேன். அங்கே விலாவில் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் நடந்தேன். கோயில் திருப்பத்தில் குடித்த தேத்தண்ணி அவ்வளவும் வாந்தியாக வந்தது. கல்லில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நடந்தே போனேன். கடை வளைவில் ஆட்டோக்காரர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று இருபது.

ஆட்டோவில் திரும்பிப் போனபோது அக்காவைப் படங்குச் சாக்கில் போட்டுத் தூக்கி ரோட்டுக்கே கொண்டுவந்துவிட்டிருந்தார்கள். வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. பலாங்கொடை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் கேட்டாள்: "ஐ மெச்சர பரக்கு?" ஏன் இவ்வளவு தாமதம் என்று. எனக்கு நன்றாகச் சிங்களம் வரும். தூரம் என்று மட்டும் சொன்னேன். பின்னேரம் அக்கா போய்விட்டாள்.

நிறையக் கொட்டியிருக்கிறது, நேரத்தோடு வந்தாலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சொல்ல முடியாது என்றால் பிழைத்தும் இருக்கலாம் என்றுதானே அர்த்தம்?

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் ஓடத் தொடங்கினேன். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்பதாம் நம்பர் மலை அடியிலிருந்து கடை வளைவு வரைக்கும் ஒன்றரைக் கட்டை, ஒன்றரை மைல் தூரம். வெறுங்கால்தான். முதல் நாள் பீலியடியோடு சரி. அடுத்த நாள் தண்ணீர்க் கான் தாண்ட முழங்கால் மடங்கவில்லை. நெஞ்சு அடைத்து ரோட்டிலேயே செத்துப்போவேனோ என்று பயந்துகொண்டேதான் ஓடினேன்.

லயத்து வரிசை வீடுகளில் சும்மா இருப்பார்களா?

"என்ன மதினி, இந்த வருசமும் பேசின் எடுக்கவா?" என்றாள் தொங்கல் வீட்டு மதினி. சொன்ன கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப ஓடி என்னத்துக்குத் தங்கச்சி?" என்று மெல்லக் கேட்டார்.

என்னத்துக்கா? ஓட முடிந்த ஒருத்தி அன்று போயிருந்தால் எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? அது எனக்குத் தெரிய வேண்டும்.

ஆறேழு மாதத்தில் நிற்காமல் கோயில் திருப்பத்தைத் தாண்டினேன். அந்தக் கல்லைப் பார்க்காமல் ஓடப் பழகினேன். ஒருநாள் மதினியின் மருமகள் பின்னால் வந்தாள்.

"நானும் வரவா அத்த?"

வேண்டாம் என்று சொல்ல மூச்சு இல்லை. பேசிக்கொண்டே என்னோடு ஓடினாள். பீலியைத் தாண்டியதும் சொன்னாள்:

"அன்னைக்கு நான் போறேன்னு சொல்ல வாயெடுத்தேன் அத்த. அதுக்குள்ள நீங்க ஓடிட்டீங்க. புதுசா வந்தவ, எப்பிடி முந்திக்கிறதுன்னு..."

அவள் அழுதாள். அழுதுகொண்டும் என்னை முந்திக்கொண்டு போய்க் கடை வளைவில் நின்றாள். நான் போய்ச் சேர்ந்து போனைப் பார்த்தேன். எனக்கே பதினேழு நிமிடம். அவளுக்கு இன்னும் குறைவு, எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. முப்பத்தெட்டில் பதினேழு போனால் இருபத்தொன்று. அந்த இருபத்தொரு நிமிடமும் அக்கா ரோட்டோரத்தில் படங்கில் கிடந்தாள். மெதுவாகப் போ என்றாள், நான் மெதுவாகத்தான் போயிருக்கிறேன்.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "நங்கி, தென் ஹொந்தட துவனவானே!" என்றார். தங்கச்சி, இப்போது நன்றாக ஓடுகிறாயே என்று. நல்ல மனுசர், நல்ல மனதோடுதான் சொன்னார்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அவர் கேட்ட கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு. என்னிடம் இருந்தது எழுநூறு. மிச்சத்தைப் பிறகு தா என்றார். காலையிலிருந்து ஒரு ஹயரும், ஒரு சவாரியும் இல்லாமல் அங்கேயேதான் நின்றேன் என்றும் சொன்னார். மிச்சக் காசை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் ஓடுகிறேன். வியர்வையில் நனைந்து என்னோடேயே திரும்பி வருகிறது. அதைக் கொடுத்துவிட்டால் அன்றைய பயணம் முடிந்ததாகிவிடும். அக்காவை ஏற்றிப்போன கணக்கில் அவருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.