பீட்ரூட்டில் சத்து இருந்ததா?

போன ஞாயிறு வத்தேகமைக்குப் போயிருந்தேன். தங்கையின் மகள் ரிஸ்னாவுக்கு இது ஏழாம் மாதம். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கீரையும் மரக்கறியும் நன்றாகச் சாப்பிட வேண்டுமாம். கையை வீசிக்கொண்டு போக முடியுமா? கண்டி மார்க்கெட்டில் பீட்ரூட், போஞ்சி, தக்காளி, ஒரு கட்டுக் கீரை என்று பை நிறைய வாங்கிப் போனேன்.

அவள் கணவன் பாஹிம் பையைத் திறந்தான். முகம் சுருங்கியது.

"என்ன மாமா, தக்காளி இவ்வளவு பெருசா ஈக்குது? இது ஜீஎம் சாமான், மரபணு மாத்தினது. சத்து ஒண்ணும் ஈக்காது. புள்ள வயித்துல ஈக்கிற நேரம் இதெல்லாம் குடுக்க ஏலுமா?"

அவனுக்கு அறிவெல்லாம் வட்ஸ்அப்பில் வரும். எனக்கோ வாதம் என்றால் அல்வா... உங்களுக்குத்தான் தெரியுமே!

"சமைக்கட்டும், தின்னுக்கிட்டே பேசுவோம்" என்றேன். ரிஸ்னா பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள்.

சாப்பாட்டு மேசையில் பாடம் எடுத்தேன். பெரிதாக இருப்பதெல்லாம் மரபணு மாற்றியது இல்லை, அது கலப்பின விதை. பூச்சி தாக்காமலிருக்க மரபணுவை மாற்றிய மரக்கறியையும் சாதாரண மரக்கறியையும் சோதித்துப் பார்த்தால், விட்டமின், நார்ச்சத்து, இரும்பு எல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான். சத்தைக் கூட்டவென்றே மாற்றினால் கதை வேறு. மற்றபடி, மண்ணும் லொறியில் வாடிக் கிடந்த நாட்களும் செய்கிற வித்தியாசம்தான் பெரிது.

"அப்ப நாட்டு மரக்கறிக்கு ருசி கூட ஈக்கே?" என்றான் பாஹிம்.

ருசி வேறு, சத்து வேறு! சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி பீட்ரூட் போட்டுக்கொண்டேன். அவனும் லேசுப்பட்டவனா? ஜீஎம், ஜீஎம் என்று திட்டிக்கொண்டே போஞ்சியை வழித்தான்.

"நீ தின்னல்லியா மகள்?" என்று நடுவில் ஒரு தரம் கேட்டேன்.

"நீங்க தின்னுங்க மாமா. நான் பொறகு தின்னுறேன்."

ஆண்கள் எழும்பிய பிறகுதான் பெண்கள் — எங்கள் வீடுகளில் இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. போடாமலே நடக்கிறது.

வாதத்தில் நான்தான் வென்றேன். வென்ற களைப்பில் தண்ணீர் கேட்டுக் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். ரிஸ்னா பலகையில் உட்கார்ந்திருந்தாள். பீங்கானில் வெறும் சோறு. அதன்மேல் பீட்ரூட் ஆணத்தின் சிவப்புக் குழம்புத் தண்ணீர். சட்டி காலி. கீரைச் சட்டியும் காலி.

"ஏம்மா, உனக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கல்லியா?"

"வந்தவங்களுக்கு வெச்சு மிஞ்சினாத்தானே மாமா" என்று சிரித்தாள்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. எதில் சத்து அதிகம் என்று இரண்டு ஆண்கள் விடிய விடியப் பேசாத குறையாக அலசினோம். போக வேண்டிய வயிற்றுக்கு அது போகவே இல்லை. இதற்கு எந்த மரபணுவை மாற்றுவது?

கிளம்பும்போது பாஹிம் வாசல் வரை வந்தான்.

"அடுத்த முறை நாட்டுத் தக்காளியாப் பாத்துக் கொண்டாங்க மாமா."

கொண்டுபோகலாம்... யார் தின்ன?